ஆங்கிலம் பழகுவோம்: 'ரைட் ஆஃப்' என்றால் கடன் தீர்ந்ததா?



'கொடு' என்றால் நமக்குத் தெரியும். 'விட்டுக்கொடு' வேறு. 'போட்டுக்கொடு' என்றால் அது இன்னும் வேறு, சண்டையே வந்துவிடும்! தமிழில் முன்னால் ஒரு சொல் சேர்ந்து அர்த்தம் மாறுகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், டவுன் என்று ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்யும்.

'ரைட்' என்றால் எழுது. 'ரைட் டவுன்' என்றால் குறித்து வை. தீர்மானப் புத்தகத்தில் நாம் செய்வது அதுதான். சரி, 'ரைட் ஆஃப்'?

இதில்தான் எங்கள் குழு அக்கா ஒருத்தர் ஏமாந்து போனாங்க. மாடு வாங்க எடுத்த கடன், தவணை நின்று வருஷக்கணக்கு ஆச்சு. வங்கியில் கேட்டப்போ, "ரைட் ஆஃப் பண்ணியாச்சு" என்றார்களாம். தள்ளுபடி ஆயிடுச்சு என்று நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டாங்க. கொஞ்ச நாளில் நோட்டீஸ் வந்தது.

வசூலாகாத கடனை வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் ரைட் ஆஃப். அது வங்கி தன் கணக்கைச் சரிசெய்துகொள்வது. நாம் கட்ட வேண்டிய பாக்கி அப்படியே இருக்கும். வங்கி திரும்பக் கேட்கலாம், வழக்கும் போடலாம். சிபில் அறிக்கையிலும் பதிவாகும், அடுத்த கடனுக்குத் தடங்கல். கட்டவே வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கு 'வெய்வர்' என்று தனிச் சொல் இருக்கு. 2008-ல் மத்திய அரசு சிறு, குறு விவசாயிகளின் பயிர்க்கடனுக்குச் செய்தது அதுதான். பேப்பரில் பல சமயம் இரண்டையுமே 'தள்ளுபடி' என்று போட்டுவிடுகிறார்கள், நாம் என்ன செய்வோம்!

'பே பேக்' என்றால் திருப்பிக் கட்டுவது, மாதாமாதம் நாம் செய்வது. 'பே ஆஃப்' என்றால் முழுசா கட்டி முடிப்பது. முடித்த அன்றே 'நிலுவை இல்லை' என்ற சான்றைக் கேட்டு வாங்கிடுங்க.

மேலாளர் "லுக் இன்டு" என்றால் விசாரிக்கிறேன் என்று அர்த்தம். கடன் கிடைச்சாச்சு என்று நினைச்சு மாட்டுக்கு முன்பணம் கொடுத்துடாதீங்க. 'டர்ன் டவுன்' என்றால் மறுத்துவிட்டார்கள். கூட்டம் 'புட் ஆஃப்' என்றால் தள்ளிவைப்பு, இன்னொரு நாள் நடக்கும். 'கால் ஆஃப்' என்றால் ரத்து.

வீட்டுப்பாடம்: 'கிவ் பேக்', 'கிவ் அப்' இரண்டுக்கும் அர்த்தம் எழுதிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. பிள்ளைகளிடம் கேட்டாலும் தப்பில்லை.