ஒரு நிறுவனத்தின் வை-ஃபை, மற்றொரு நிறுவனத்தின் சுவிட்ச்: இணைக்கும் முன் அறிய வேண்டியவை

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களாக்களும் புதிய அடுக்ககங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அத்தகைய ஒரு பங்களாவில் இயங்கும் மருத்துவமனையை எண்ணிப் பார்ப்போம். தடித்த சுவர்களைத் தாண்டி ஒரே ரவுட்டரின் அலை எல்லா அறைகளுக்கும் எட்டுவதில்லை. ஆகவே ஆங்காங்கே அக்சஸ் பாயிண்ட்டுகளைப் பொருத்தி, அனைத்தையும் ஒரு கன்ட்ரோலரின் கீழ் கொண்டுவருமாறு விற்பனையாளர் கூறுகிறார். கூடவே, ஏற்கெனவே உள்ள சுவிட்ச்சுகள் வேறு நிறுவனத்தவை என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார். அது உண்மையில் தேவைதானா?

பெரும்பாலும் தேவையில்லை. ஈதர்நெட் என்பது எந்தத் தனி நிறுவனத்தின் உடைமையும் அன்று. அது பொதுத் தரநிலை. எனினும் மூன்று இடங்களில் நாம் கவனமாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, மின்சாரம்

அக்சஸ் பாயிண்ட்டுகள் பொதுவாக வலைக் கம்பியின் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. 2003ஆம் ஆண்டின் 802.3ஏஎஃப் தரநிலைப்படி சுவிட்ச்சின் ஒவ்வொரு முனையும் 15.4 வாட் வரை தரும். கம்பியில் ஏற்படும் இழப்பு போகக் கருவிக்கு 12.95 வாட் கிடைக்கும். 2009ஆம் ஆண்டின் 802.3ஏடி இதனை 30 வாட்டாக உயர்த்தியது. கருவிக்குக் கிடைப்பது 25.5 வாட். புதிய அக்சஸ் பாயிண்ட்டைப் பழைய சுவிட்ச்சில் இணைத்தால், சில வகைகள் தம் ரேடியோக்களில் ஒன்றை நிறுத்திவிட்டுக் குறைந்த திறனுடன் இயங்கும். விளக்கு எரிவதால் நாமோ இணையச் சேவையைக் குறை கூறுவோம்.

மொத்தக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். ஒரு சுவிட்ச் எல்லா முனைகளுக்கும் சேர்த்து 120 வாட் மட்டுமே தரக்கூடியது எனில், 15 வாட் கோரும் அக்சஸ் பாயிண்ட்டுகளில் எட்டுதான் அதில் இயங்கும்; ஒன்பதாவதற்கு இடமில்லை. மேலும், தேவையான மின்சாரத்தை அக்சஸ் பாயிண்ட் கேட்டுப் பெறுவதற்கு எல்எல்டிபி என்னும் பொதுவான அறிமுக முறை உதவுகிறது. வேறு நிறுவனச் சுவிட்ச்சில் அது இயக்கத்தில் உள்ளதா எனச் சரிபார்ப்பது நன்று.

இரண்டாவது, பிரிவுகள்

வரவேற்பறையில் காத்திருப்போர் பயன்படுத்தும் வை-ஃபையும், கணக்குப் பதிவுக் கணினியும் ஒரே வலையில் இருத்தல் கூடாது. ஒரே கம்பியில் இவற்றைப் பிரித்து வைக்கும் முறையே வீலேன். 802.1கியூ என்னும் தரநிலை ஒவ்வொரு பிரிவுக்கும் 1 முதல் 4094 வரையுள்ள எண்களில் ஒன்றை அளிக்கிறது.

இங்கே சொற்குழப்பம் ஒன்று உண்டு. சிஸ்கோ சுவிட்ச்சில் ‘டிரங்க்’ என்பது பல வீலேன்களைச் சுமக்கும் முனையைக் குறிக்கும். எச்பி நிறுவனத்தின் பழைய சுவிட்ச்சுகளிலோ அதே சொல் பல கம்பிகளை ஒன்றாகக் கட்டுவதைக் குறிக்கும். பெயரைப் பார்த்து அமைத்தால் விருந்தினர் வலை வேலை செய்யாது. அல்லது கணக்கு வலையோடு கலந்துவிடும். எந்த வீலேன் எண்ணுடன் செல்கிறது, எது எண்ணின்றிச் செல்கிறது என்பதை இரு பக்கத்திலும் ஒன்றாக அமைப்பதே தீர்வு.

பயனாளரின் தரவு முழுவதும் கன்ட்ரோலர் வழியே செல்லும் அமைப்பில், அக்சஸ் பாயிண்ட் இணைந்த முனைக்கு ஒரு வீலேன் போதும். தரவு நேராகச் சுவிட்ச்சிலேயே பிரியும் அமைப்பில், வை-ஃபைக்கு உரிய எல்லா வீலேன்களும் அம்முனைக்கு வந்தாக வேண்டும்.

மூன்றாவது, கன்ட்ரோலரைக் கண்டறிதல்

இரண்டும் ஒரே வலைப்பிரிவில் இருப்பின் அக்சஸ் பாயிண்ட் தானாகவே கன்ட்ரோலரைத் தேடிக்கொள்ளும். வெவ்வேறு பிரிவுகளில் இருப்பின், டிஎச்சிபி சேவையின் 43ஆம் விருப்பத்தில் அதன் முகவரியைக் குறிப்பிடுவது வழக்கம். அதனை எழுதும் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இடையில் தீயரண் இருந்தால் கேப்வேப் நெறிமுறைக்குரிய யுடிபி 5246, 5247 முனைகளைத் திறந்துவைத்தல் வேண்டும். தமக்கே உரிய நெறிமுறையைக் கையாளும் நிறுவனங்களுக்கு எண்கள் வேறுபடும்.

பணம் செலுத்தும் முன்

புதிய சுவிட்ச்சுகளுக்கான தொகைக்கு ஒப்புதல் தருமுன் விற்பனையாளரிடம் நான்கு விடைகளை எழுத்தில் பெறுவோம். ஒவ்வொரு அக்சஸ் பாயிண்ட்டும் கோரும் வாட் எவ்வளவு? நம் சுவிட்ச்சின் மொத்த மின்திறன் எவ்வளவு? எந்தெந்த வீலேன் எந்த முனையில் செல்லும்? கன்ட்ரோலர் நின்றுபோனால் வை-ஃபை தொடருமா?

பின்னர் ஒரே ஓர் அக்சஸ் பாயிண்ட்டை இருக்கும் சுவிட்ச்சில் இணைத்துச் சில நாள்கள் சோதிக்கச் சொல்வோம். விருந்தினர் வலையிலிருந்து கணக்குக் கணினியை எட்ட முடிகிறதா என்பதையும் அப்போதே பார்ப்போம். எட்ட முடியாமல் இருந்து, மின்சாரமும் போதுமானதாக இருந்தால், பழைய சுவிட்ச் தன் பணியைத் தொடரலாம்; அதற்கென ஒதுக்கிய தொகை நம் கணக்கிலேயே இருக்கும்.