சோசேஜ் வெடிக்கிறது, கிழங்கு வேகவில்லை: ஒரே சட்டியில் எப்படி?

கேள்வி: நாங்கள் மந்தினில் இருக்கிறோம். அப்பா அம்மா காலத்தில் தோட்டம், இப்போது தாமான் வீடு. எனக்கு நீலாயில் தொழிற்சாலை வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி தாண்டிவிடும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தபடி சோசேஜையும் உருளைக்கிழங்கையும் ஒரே சட்டியில் ஒன்றாகப் போட்டுச் சமைக்கிறேன். ஒவ்வொரு முறையும் சோசேஜ் வெடித்துச் சுருங்கி இறுகிப்போகிறது. கிழங்கோ வெளியே கருகி, உள்ளே நறுக்கென்று இருக்கிறது. தக்காளி சோஸ் ஊற்றி மூடி வைத்தாலும் வேக மாட்டேன் என்கிறது. தீ போதவில்லை என்கிறார் மாமியார். தீயைக் கூட்டினால் இன்னும் மோசம். என்னதான் காரணம்?
– வாசகி, மந்தின்

பதில்: தங்கச்சி, எது எப்போது சட்டியில் விழுந்தது, எது கருகியது, இடையில் என்ன ஊற்றினீர்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். விடையில் முக்கால்வாசி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இப்படிக் கேட்டால் பதில் எழுத எனக்குக் கொள்ளை ஆசை.

முதலில் தீயைப் பற்றிப் பேசிவிடுவோம். கிழங்கு வேகாவிட்டால் தீ போதவில்லை என்றுதான் பெரும்பாலும் எல்லாருமே நினைக்கிறோம். ஆனால் உங்கள் கிழங்கு வெளியே கருகியிருக்கிறதே! அப்படியானால் தீ போதுமான அளவுக்கு மேலேயே இருந்திருக்கிறது. சூடு வெளியிலிருந்து நடுப்பகுதிக்குப் போய்ச் சேரத்தான் நேரம் கிடைக்கவில்லை. கிழங்குக்குள் சூடு மெதுவாகத்தான் நகரும். அடுப்பைத் திருகி அதை விரட்ட முடியாது; தீயைக் கூட்டினால் வெளிப்புறம் சீக்கிரம் கருகும், அவ்வளவுதான். துண்டின் அளவில்தான் நம் கைவரிசையைக் காட்ட முடியும். துண்டு இரண்டு மடங்கு தடிமனானால் நடுப்பகுதி சூடாக எடுக்கும் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். கிழங்கை நான்காகப் பிளந்து போடுவதற்கும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

மூல காரணம் அந்த வீடியோவில் இருக்கிறது. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் வீட்டுச் சமையலுக்கு வாங்கும் சோசேஜ் பெரும்பாலும் பச்சை இறைச்சி. அரைத்த பன்றி இறைச்சியைக் குடல் தோலில் அடைத்து, வேகவைக்காமல் அப்படியே விற்பார்கள். அதை உள்ளே வரை வேகவைத்தாக வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட கிழங்கு வேகும் நேரமே பிடிக்கும். அதனால்தான் அவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் பரப்பி, ஓவனில் 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். டப்ளின் நகரத்தில் 'காடில்' என்று ஒரு பழைய சாப்பாடு உண்டு. சோசேஜ், உப்பிட்ட பன்றி இறைச்சி, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே பானையில் தண்ணீர் விட்டு மெல்ல வேகவிடுவார்கள். அவர்கள் பொருளுக்கு அந்த முறை சரி.

நம் கடைகளில் உறைபெட்டியில் கிடக்கும் கோழி சோசேஜ் வேறு சாமான். 1979-இல் ஹலால் பர்கர் இறைச்சி செய்யத் தொடங்கிய ரம்லி முதல் இன்று சந்தையில் இருக்கும் பல நிறுவனங்கள் வரை விற்பது பெரும்பாலும் முன்பே வேகவைத்த வகைதான். கோழி இறைச்சியைப் பனிக்கட்டியோடு சேர்த்துப் பசையாக அரைத்து, உறையில் அடைத்து, ஆலையிலேயே உள்ளே ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் வரும்வரை வேகவைத்து, குளிரவைத்து, உறையை உரித்துவிட்டுப் பொட்டலம் கட்டுகிறார்கள். அந்த வெப்பத்தில் இறைச்சியிலுள்ள புரதம் வலைபோட்டு இறுகி, தண்ணீரையும் கொழுப்பையும் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். சோசேஜின் மென்மை அந்தப் பிடிப்பில்தான் இருக்கிறது.

அதை நீங்கள் சட்டியில் மறுபடியும் இருபது, முப்பது நிமிடம் வதக்கும்போது புரத வலை மேலும் மேலும் சுருங்கி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே மிஞ்சும் தண்ணீர் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல் சோசேஜ் வெடிக்கிறது. வெடிக்காமல் இருக்க முள்கரண்டியால் குத்தச் சொல்வார்கள். வேண்டாம், குத்தின ஓட்டை வழியாகச் சாறுதான் ஒழுகிப்போகும்.

ஆக, சட்டியில் ஒன்று முழுப் பச்சை, இன்னொன்று வெந்து முடிந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் ஒன்று பாழாகத்தான் செய்யும். உங்களுக்கு இரண்டுமே பாழானதற்குக் கிழங்கின் பக்கமும் சில காரணங்கள் உண்டு.

கிழங்கு வேகுவது என்பது இரண்டு வேலை. முதலாவது, உள்ளிருக்கும் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாவது. இது 60, 70 டிகிரியிலேயே நடந்துவிடும். இரண்டாவது, பெக்டின் கரைவது. பெக்டின் என்பது செங்கற்களுக்கு நடுவே பூசிய சிமெண்டு போலக் கிழங்கின் உயிரணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பசை. இது ஏறக்குறைய 85 டிகிரியைத் தாண்டிய பிறகே இளகத் தொடங்கும். இளகாதவரை பல்லில் நறுக்கென்றுதான் படும்.

இந்தப் பெக்டினுக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பான சாற்றில் அது கரைய மறுத்து உறுதியாகவே நிற்கும். கிழங்கு பாதி வெந்திருக்கும்போதே நீங்கள் ஊற்றிய தக்காளி சோஸில் தக்காளியின் புளிப்பும் இருக்கிறது, சேர்த்த வினிகரும் இருக்கிறது. மூடி போட்டும் வேகாததற்கு அதுவே காரணம். புளி, எலுமிச்சை, சில்லி சோஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிழங்கு நன்றாக வெந்த பிறகே இவை சட்டிக்கு வரவேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கிழங்கை எங்கே வைக்கிறீர்கள்? நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பயந்து பலர் ஐஸ் பெட்டியில் வைக்கிறார்கள். ஆறு டிகிரிக்குக் கீழே போனால் கிழங்கு தன் மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். அந்தச் சர்க்கரையும் கிழங்கின் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்துதான் பழுப்பு நிறத்தையும் வறுத்த வாசத்தையும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் பெயரால் இதற்கு மெயிலார்டு வினை என்று பெயர். சர்க்கரை கூடினால் இந்த வினை அளவு மீறி, உள்ளே வேகுமுன்பே வெளியே கறுத்துவிடும். நிறம் மட்டும் என்றால் பரவாயில்லை. கடுஞ்சூட்டில் வறுபடும் மாவுப்பண்டங்களில் அக்ரிலமைடு என்ற வேண்டாத வேதிப்பொருள் உருவாவதை 2002-இல் சுவீடனில் கண்டறிந்தார்கள். அதுவும் இதே வழியில் பிறப்பதுதான். பிள்ளைகள் சாப்பிடும் கிழங்கு கறுக்காமல் பொன்னிறத்தோடு நிற்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். கிழங்கைக் காற்றோட்டமான இருட்டு மூலையில் கூடையில் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறியதைச் சமைக்க வேண்டாம்.

இனிச் செய்முறை. இது உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் அம்மா கிழங்குப் பிரட்டல் செய்திருப்பார் அல்லவா? லயத்து வீட்டின் பின்கட்டில் ஓர் அடுப்பு, விறகு. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணுக்கு அடுப்படியில் நின்றுகொண்டிருக்க நேரம் ஏது? தாளித்து, கிழங்கைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். தண்ணீர் வற்றிய பிறகு மூடியைத் திறந்து இரண்டு புரட்டு. அந்தப் பழக்கத்துக்குள் நல்ல கணக்கு இருக்கிறது. சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கருகல் என்ற பேச்சே இல்லை, கிழங்கு உள்ளே வரை நிம்மதியாக வேகும். தண்ணீர் வற்றியதும் எண்ணெயின் சூடு ஏறி 140 டிகிரியைத் தாண்டும், அப்போது பொன்னிறம் வரும். முதலில் வேக்காடு, பிறகு முறுகல். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

நான்கைந்து பேருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாகக் கிழங்கு எடுத்து, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் ஒருமுறை அலசி வடித்துக்கொள்ளுங்கள். மேலே ஒட்டிய மாவு போனால் அடிப்பிடிக்காது. அகலமான சட்டியாகப் பாருங்கள். குவாலியைவிடத் தட்டை அடி நல்லது, எல்லாத் துண்டும் அடியில் படும். மூன்று கரண்டி எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கிழங்கைக் கொட்டி, மஞ்சள் தூளும் கொஞ்சமே கொஞ்சம் உப்பும் போட்டு, அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி மூடுங்கள். சோசேஜில் உப்பு தாராளம், கடைசியில் ஊற்றப்போகும் கிச்சாப்பிலும் உண்டு. அதனால்தான் உப்பில் கை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன். மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் குளித்துவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் வற்றிவிடும். வெங்காயம் நறுக்க நேரம் சரியாக இருக்கும். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் மூடியை எடுத்துவிடுங்கள். மீதித் தண்ணீர் வற்றியதும் இரண்டு பெரிய வெங்காயத்தைச் சேர்த்து, சும்மா சும்மா கிளறாமல் ஒவ்வொரு பக்கமும் நிறம் வரும்வரை விடுங்கள்.

சோசேஜ் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான். சாய்வாக ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போட்டால் ஆவி வெளியேற வழி கிடைத்துவிடும், வெடிக்காது. மிளகாய்த் தூளையும் இப்போதே தூவுங்கள். முன்னால் போட்டால் தீய்ந்து கசக்கும். அடுப்பை அணைக்கும் தறுவாயில் ஒரு கரண்டி கிச்சாப், விருப்பப்பட்டால் தக்காளி சோஸ். முன்பே வெந்ததுதானே என்று சோசேஜைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். குளிரிலும் வளரக்கூடிய லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் உண்டு, ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்கினால்தான் பாதுகாப்பு. காலையிலேயே வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகவும் கூடாது. முதல் நாள் இரவே உறைபெட்டியிலிருந்து ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மாலையில் வெட்டத் தயாராக இருக்கும்.

மீந்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் எடுத்தால் கிழங்கு சற்று விறைத்திருக்கும். கூழான மாவுச்சத்து குளிரில் மறுபடி இறுகிக்கொள்வதால் அப்படி. சட்டியில் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, ஆவி வரும்வரை சூடாக்குங்கள், இளகிவிடும். பள்ளிக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் அந்தச் சூட்டோடு பாத்திரத்தில் அடைக்காமல், ஆவி அடங்கிய பிறகு மூடுங்கள்.