கன்னியாவில் அழுத அரக்கன்

திருகோணமலை

என் அன்புப் பேத்திக்கு,

போன கிழமை தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய்: "அம்மப்பா, இராவணன் கெட்ட அசுரன்தானே, பிறகேன் கோணேசர் கோயிலடியில் அவனுக்குச் சிலை?" அதை ஆறுதலாகச் சொல்ல வேணும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், இராவணன் அசுரன் இல்லை, அரக்கன். அசுரரும் தேவரும் காசிபர் என்ற ஒரே தகப்பனின் பிள்ளைகள். தாய்மார்தான் வேறு. இராவணன் புலத்தியரின் பேரன். வடதிசையைக் காக்கும் குபேரன் அவனுக்குத் தமையன் முறை. ஒரு வீட்டில் ஒருவன் தேவன், ஒருவன் அரக்கன். இருக்கு வேதம் வருணனையே அசுரன் என்று போற்றுகிறது. ஈரானில் அதே சொல் அகுரா என்று கடவுளின் பெயரானது. தேவன் என்ற சொல் அங்கே பேய்களுக்குப் போனது. ஆகவே இவை குலப்பெயர்கள் என்றே நான் நினைக்கிறேன். குணத்தை அவரவர் செய்கையில்தான் பார்க்க வேணும். சீதையைக் கவர்ந்தது குற்றம். அதை நான் மழுப்பமாட்டேன்.

எங்கள் ஊர் சொல்லும் கதை இன்னொன்று. இராவணனின் தாய் நோயில் படுத்துவிட்டாள். கோணேசரைக் கும்பிட மலைக்கு வர ஏலாது. மகன் மலையையே தாயிடம் கொண்டுபோகத் துணிந்து வாளால் பாறையை வெட்டினான். கோயிலடியில் கடலை எட்டிப் பார்த்தால் தெரிகிற பிளவுதான் இராவணன் வெட்டு. அதற்குள் தாய் இறந்துபோனாள். திருமால் முதியவராக வந்து செய்தி சொல்லி, தாய்க்குரிய கடன் கழிக்க அவனைக் கன்னியாவுக்கு அழைத்துப்போனார். அங்கே அவன் வாளை ஊன்றிய ஏழு இடங்களிலும் வெந்நீர் ஊறியதாம். நிலத்தின் ஆழத்துச் சூட்டில் காய்ந்து மேலே வரும் நீர் அது என்று உன் விஞ்ஞானப் புத்தகம் சொல்லும், அதுவும் சரி. ஏழு கிணற்றிலும் கைவைத்துப் பார், சூடு ஒன்றுபோல் இராது.

சம்பந்தரும் கோணமாமலைப் பதிகத்தில் இராவணனை விடவில்லை. கயிலையை எடுக்கப்போய்ச் சிவனின் விரலின்கீழ் நசுங்கியவன், பாடி அருள் பெற்றவன் என்று அவனைத் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டில் வைப்பது அவர் வழக்கம். சிலையில் அவன் கைகூப்பி நிற்பது அதனால்தான்.

பௌத்தர்களின் கதைகளிலும் தேவ அசுரப் போர் உண்டு. அங்கே இந்திரனுக்குச் சக்கன் என்று பெயர். ஒருமுறை தோற்றுப் பின்வாங்கும்போது, அவன் தேர் இலவமரக் காட்டுக்குள் பாய்ந்தது. மரங்களில் கருடக் குஞ்சுகளின் கூடுகள். குஞ்சுகள் சாவதைவிட நாங்கள் அசுரர் கையில் சாவது மேல் என்று தேரைத் திருப்பச் சொன்னான். திரும்பிவரும் தேரைக் கண்ட அசுரர், புதுப்படை வருகிறது என்று பயந்து ஓடிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த போர்க்கதை இதுதான். இன்னொன்றும் கவனி: பௌத்தத்தில் தேவர்களுக்கும் சாவு உண்டு, புண்ணியம் தீர்ந்தால் கீழே வரவேண்டியதுதான்.

அரக்கருக்கும் அங்கே இடம் இருக்கிறது. களனி விகாரைக்குப் போனால் இராவணனின் தம்பி விபீஷணனைத் தெய்வமாகக் கும்பிடுவதைப் பார்க்கலாம். இலங்காவதார சூத்திரத்தில் புத்தரை இலங்கைக்கு அழைத்து, தர்மம் எது, அதர்மம் எது என்று கேட்பவன் இராவணனேதான். 513இல் சீனத்துக்குப் போன மொழிபெயர்ப்பில் அந்த அத்தியாயம் இருக்கிறது. வால்மீகியின் இராவணன் தம்பியின் புத்தியைக்கூடக் கேட்காதவன். இந்த இராவணன் முன்னால் இருந்து பாடம் கேட்கிறான்.

உன் அம்மம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போனோம். நீ அப்போது கைக்குழந்தை. உன் அம்மா கிணற்றுக்கட்டில் நின்று வாளி வாளியாகத் தலையில் வார்த்துக்கொண்டே அழுதாள். வெந்நீரோடு கண்ணீர் போனது வேறு எவருக்கும் தெரியவில்லை. நான் தகப்பன், எனக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீரை முதலில் வார்த்தவன் தாயை இழந்த ஓர் அரக்கன் என்று அங்கே வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன்.

மார்கழி விடுமுறைக்கு வா. விடியப்புறம் போனால் கிணற்றடியில் சனம் இராது.

அன்புடன்,
அம்மப்பா