அம்மிணிக்கு, கோபியிலிருந்து அத்தை

கோபிசெட்டிபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமாவுக்கு முட்டுவலி இப்போது தேவலை. நீ தபாலில் அனுப்பிய கதை வியாழக்கிழமையே வந்துவிட்டது. இரண்டு தடவை படித்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நேற்று ராத்திரி உங்கப்பன் போன் பண்ணினான். பி.ஏ. இங்கிலீஷ் முடித்த கையோடு டெல்லிப் பக்கம் ஒரு தனியார் இடத்தில் ஒரு வருடம் கதை எழுதும் டிப்ளமோவில் சேரப் போகிறாயாம். அது முடிந்ததும் அமெரிக்காவில் கதை எழுதும் பட்டமான எம்.எஃப்.ஏ.வுக்கு அப்ளிகேஷன் போடுவாயாம். ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து அவன் சொன்ன தொகைக்கு, சோமனூர் இடத்துப் பத்திரத்தை பாங்கில் வைக்கலாமா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. 'அம்மிணிகிட்ட நானே பேசிக்கறேன்' என்று மட்டும் சொன்னேன். போனில் பேசினால் 'சரிங்கத்தை, சரிங்கத்தை' என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி தூக்கமும் பிடிக்கவில்லை.

முதலில் ஒன்று. நீ எழுதத்தான் வேண்டும். அதைப் படிப்பாகவே எடுத்துப் படிக்க நினைப்பதிலும் தப்பில்லை. 'எழுதறதுக்கெல்லாம் ஒரு படிப்பா' என்று உன் சித்தப்பன் கேட்டானாம். கேட்டுவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936இலிருந்து இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியாவில் 1970இல் எம்.ஏ. தொடங்கினார்கள்; அங்கே படித்த கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசே கிடைத்தது. பாட்டுக்கும் பரதத்துக்கும் குரு வேண்டும் என்கிறவர்கள் கதைக்கு மட்டும் வேண்டாம் என்பது எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

ஆனால் இந்த ஒரு வருடத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? அதில்தான் எனக்கு வெசனம். என்னிடம் படித்த பையன் ஒருத்தன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலையில் இருக்கிறான். காலையில் எழுந்ததும் அவனைக் கூப்பிட்டு விவரம் கேட்டேன். எம்.எஃப்.ஏ.வுக்குப் பெரும்பாலும் இருபது முப்பது பக்கம் கதை கேட்பார்களாம். கூடவே ஏன் படிக்க வருகிறாய் என்று ஒரு கடிதம், மூன்று பேரின் பரிந்துரை. பெயர்பெற்ற இடங்களில் ஃபீஸைத் தள்ளுபடி செய்து, காலேஜ் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கச் சொல்லி மாதப் பணமும் கொடுக்கிறார்கள். அதனாலேயே கூட்டம் அடைகிறது. நூறு பேர் கேட்டால் நாலைந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. தேர்வுக் குழு உட்கார்ந்து படிப்பது அந்த இருபது முப்பது பக்கத்தைத்தான். நீ முன்னால் எந்த டிப்ளமோ முடித்தாய் என்பது அப்புறம்.

இன்னொன்றும் சொன்னான். உங்கப்பனுக்கு இது தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். நம் மூன்று வருட பி.ஏ.வை அங்கே பல பல்கலைக்கழகங்கள் தங்கள் நாலு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஒப்புக்கொள்வதில்லை. பதினாறு வருடப் படிப்பு கேட்கிறார்கள்; நமக்குப் பன்னிரண்டும் மூன்றும் பதினைந்துதான். ஒரு வருட டிப்ளமோவை அதில் சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். கையில் இரண்டு வருட எம்.ஏ. இருந்தால் அந்தப் பேச்சே எழாது. இங்கிலாந்தில் மூன்று வருடப் பட்டமே போதும், ஆனால் உதவித்தொகை குதிரைக்கொம்பு.

இனி உன் கதை. அதில் வருகிறவள் நம் அப்பத்தாதான் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மருந்து டப்பாவில் சில்லறையைப் போட்டு, மேலே பஞ்சு வைத்து மூடும் இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கண் உனக்கு இருக்கிறது. ஆனால் நாலாம் பக்கத்தில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்பத்தா பாவு பிணைப்பதாக எழுதியிருக்கிறாய். ஓடுகிற தறியில் யாராலும் பாவு பிணைக்க முடியாது கண்ணு. பழைய பாவு தீர்ந்தால் தறி நின்றுவிடும். புதுப் பாவை ஏற்றி, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. கொட்டாயில் மற்றத் தறிகள் காதைப் பிளக்கும். நிற்கிற அந்தத் தறியில் அப்பத்தாவும் பக்கத்து வீட்டு அக்காவும் குனிந்து உட்கார்ந்து, உதட்டசைவிலேயே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவார்கள். தறி நின்றால் கூலி இல்லை. அதனால் வாய் பேசினாலும் விரல் நிற்காது. அப்பத்தா உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசியதெல்லாம் கூலி நின்ற அந்த நேரத்தில்தான். உன் கதை அங்கேதான் இருக்கிறது. நீ அதைத் தாண்டிப் போய்விட்டாய்.

அப்பத்தா பேசும் பேச்சும் சரியாக வரவில்லை. உன் கதையில் அவள் நினைத்ததை நேராகச் சொல்கிறாள். அவள் என்றைக்கு அப்படிப் பேசினாள்? உங்கப்பன் மேல் கோபம் என்றால் கட்டுத்தரைக்குப் போய் எருமையைத் திட்டுவாள். யாருக்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷில் எழுதினாலும் அந்தச் சுற்றுப்பேச்சு வரத்தான் வேண்டும். இதையெல்லாம் டெல்லியில் இருக்கும் வாத்தியாரால் திருத்த முடியாது. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சோமனூரைப் பார்த்திருக்க மாட்டார்.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் நான் எங்கே போய் நிற்பேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் உன்னைத் தமிழிலிருந்து எடுத்து பிரெஞ்சில் போட்டபோதே தம்பியிடம் சண்டை போட்டேன். 'மார்க் வருங்கக்கா, எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் எடுக்குதுங்க' என்றான். இன்ஜினியரிங் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க் சேரவே சேராது என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ கடைசியில் இன்ஜினியரிங் பக்கமே போகவில்லை. காலேஜிலும் பகுதி ஒன்று மொழிப்பாடத்துக்கு பிரெஞ்சே தொடர்ந்தது. இப்போது அந்த பிரெஞ்சில் என்ன மிச்சம் என்று போன பொங்கலுக்குக் கேட்டேன், நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை அம்மிணி. ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் காலம் பூராவும் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். என் தம்பி மகள் ஒரு தமிழ் நாவலை எடுத்தால் பத்துப் பக்கத்தில் கண் வலிக்கிறது என்று மூடி வைக்கிறாள். உன் மேல் குற்றமில்லை. உன்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள உனக்கு ஒரு வருடம் கிடைக்கும்போது, அதையும் டெல்லியில் கொண்டுபோய்க் கொடுக்கிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

ஆர். சண்முகசுந்தரம் நம் கீரனூர்க்காரர். 1942இல் 'நாகம்மாள்' வெளிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. உன்னைவிட மூன்று நாலு வயதுதான் கூட. கைம்பெண் ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள், அவ்வளவுதான் சங்கதி. தமிழில் வட்டார நாவல் என்று பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெருமாள்முருகனைப் பார். திருச்செங்கோட்டுப் பக்கம். ஈரோட்டில் பி.ஏ., கோயமுத்தூர் பி.எஸ்.ஜி.யில் எம்.ஏ., அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு எடுத்தது இதே சண்முகசுந்தரத்தை. 1991இல் முதல் நாவல் 'ஏறுவெயில்'. 2000இல் நம் சனங்கள் பேசும் பேச்சையெல்லாம் சேர்த்து 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' போட்டார். 'பூக்குழி'யின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போயிற்று. தன் மண்ணில் தனக்கு முன்னால் எழுதியவரை வரி வரியாகப் படித்ததுதான் அவருக்குப் பயிற்சி வகுப்பு என்று நான் எண்ணுகிறேன். உன் புத்தக அலமாரியில் இந்த இருவரில் யார் இருக்கிறார்கள்?

'அயோவாவில் படித்தவர்கள் எழுதவில்லையா' என்று கேட்பாய். எழுதினார்கள். வி.வி. கணேசானந்தன் அங்கே படித்தவர்தான். அமெரிக்காவில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண். 1980களின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் பெண்ணைப் பற்றிய அவருடைய நாவலுக்கு 2024இல் பெண்கள் புனைவுப் பரிசு கிடைத்தது. அயோவா படிப்பு இரண்டு வருடம். அந்த நாவலுக்கோ ஏறக்குறைய இருபது வருடம் உழைத்திருக்கிறார். அசோகமித்திரனும் 1973இல் அயோவா போனார், எழுத்தாளர்களை அழைக்கும் திட்டத்தில். போகும்போதே எழுதிப் பழகிய கை. திரும்பி வந்து 'ஒற்றன்' எழுதினார். கையில் சரக்கோடு போனவர்கள் இவர்கள். நீயும் அப்படிப் போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை.

இரண்டு வழியும் உனக்குத் திறந்திருக்கிறது. முடிவு உன்னுடையது, நான் குறுக்கே வர மாட்டேன். டெல்லிக்குப் போனால் அப்பாரு கூலிக்கு நெய்து வாங்கிய இடத்தின் மேல் கடன். ஒரு வருடம் கழித்தும் பல இடங்களில் அந்தப் பதினாறு வருடக் கணக்கிலேயே வந்து நிற்க நேரலாம். இங்கேயே பாரதியார் பல்கலைக்கழகத்திலோ பி.எஸ்.ஜி.யிலோ எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்தால், கணக்கும் நேராகும், உன்னைத் தெரிந்து பரிந்துரை எழுத மூன்று பேரும் கிடைப்பார்கள். சனி ஞாயிறு கோபிக்கு பஸ் ஏறி வந்துவிடு. 'நாகம்மாளை' நான் வாய்விட்டு வாசிக்கிறேன், நீ கேள். பிறகு நீ வாசி, நான் கேட்கிறேன். ஒரு அத்தியாயத்தை இங்கிலீஷில் எழுதிப் பார். அந்தப் பேச்சை அதில் கொண்டுவர நீ படும் பாட்டுக்கு மேல் ஒரு பயிற்சி கிடையாது. அப்புறம் திருப்பூர் பனியன் பிழைப்பைப் பற்றி எம். கோபாலகிருஷ்ணன் எழுதிய 'மணல் கடிகை'. அதற்கப்புறம் 2023இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்'. டிசம்பரில் ஆர்.எஸ்.புரத்தில் விஷ்ணுபுரம் விழா நடக்கும். எழுத்தாளர்களோடு வாசகர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். உன் வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். ஒரு தடவையாவது போயிருக்கிறாயா?

நிறையச் சொல்லிவிட்டேன். நம் வம்சத்தில் உன்னளவுக்கு எழுதத் தெரிந்தவர் யாருமில்லை சாமி, அதுதான் காரணம். அந்த மருந்து டப்பா இடத்தை மாமாவுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். நீ டெல்லிக்கே போவதென்று முடிவு செய்தாலும் அத்தை உன் பக்கம்தான். கோயமுத்தூர் ஜங்ஷனுக்கு நானே வந்து ஏற்றிவிடுவேன். பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் மாதம் தவறாமல் பார்சலில் வரும். எவன் என்ன சொன்னாலும் உன்னைப் படிப்பை விட்டுவிட்டு வரச் சொல்ல விட மாட்டேன். அமெரிக்காவுக்கு ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் டாலரில் பணம் கட்ட வேண்டுமாம். எத்தனை போட்டாலும் அது என் பென்ஷனிலிருந்து. உங்கப்பனுக்குச் சொல்ல வேண்டாம்.

வருகிற ஞாயிறு வா. சந்தகை செய்து வைக்கிறேன், உனக்குப் பிடித்த தேங்காய்ப் பாலோடு. கதைக்கு இன்னொரு பிரதி எடுத்து வா, என்னிடம் இருப்பதில் பென்சில் கோடு நிறைந்துவிட்டது. காந்திபுரத்தில் ஏறும்போதே ஒரு போன் போடு, மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியில் வருவார்.

பிரியமுள்ள
அத்தை