பெருங்குடல் புற்றுநோய் பரவுவதும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

“கட்டியை முழுவதுமாக எடுத்துவிட்டீர்கள் அல்லவா? இனி வேறெங்கும் பரவாதே?” பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்தவுடன் குடும்பத்தினர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. ஒரே நிலையில் நோய் கண்டறியப்பட்டு, ஒரே வகைச் சிகிச்சை பெற்ற இருவரில் ஒருவர் முழு நலம் அடைய, மற்றவருக்கு நோய் மீண்டும் தோன்றுவதுண்டு. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களைத் தேடும் ஆய்வுகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சொல் அடிக்கடி இடம்பெறுகிறது. அது எதைக் குறிக்கிறது, இன்றைய சிகிச்சையில் அதற்கு உள்ள இடம் என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றால் என்ன?

நம் உயிரணு ஒவ்வொன்றிலும் உள்ள டி.என்.ஏ.வைப் பெட்டகத்தில் பூட்டிவைத்த மூலப்பத்திரத்திற்கு ஒப்பிடலாம். அதிலிருந்து தேவையான பகுதி மட்டும் நகலெடுக்கப்படுகிறது. அந்த நகலே தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்தே உயிரணு புரதங்களை உருவாக்குகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 அலகுகளே நீளமுள்ள மிகச் சிறிய மூலக்கூறு. அது தூது ஆர்.என்.ஏ.வுடன் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைக் குறைக்கிறது அல்லது தடுக்கிறது.

1993ஆம் ஆண்டில் ஒரு சிறு புழுவை ஆராய்ந்தபோது விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் இதனைக் கண்டறிந்தனர். இதற்காக 2024ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது.

புற்றுநோய் பரவுவதில் இவற்றின் பங்கு

குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கும். புற்றுநோய் பரவ வேண்டுமெனில், ஓர் உயிரணு அப்பிணைப்பிலிருந்து விடுபட்டு, இரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ புகுந்து, புதிய இடத்தில் தங்கி வளர வேண்டும். பெருங்குடலின் இரத்தம் முதலில் கல்லீரலுக்குச் செல்வதால், இந்நோய் பெரும்பாலும் அங்கே பரவுகிறது.

இப்பயணத்தின் பல படிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் தொடர்புடையவை.

• மைக்ரோ ஆர்.என்.ஏ.-21: பெருங்குடல் புற்றுநோய்த் திசுவில் இதன் அளவு கூடுகிறது. கட்டி வளர்வதைக் கட்டுப்படுத்தும் சில காவல் புரதங்களை இது குறைத்துவிடுகிறது.

• 143, 145 ஆகிய எண்களுடையவை: இவற்றின் அளவு கட்டியில் குறைவாக இருப்பது 2003ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது.

• 200 எனப்படும் குடும்பம்: உயிரணுக்களின் பிணைப்பைக் காப்பது இதன் பணி. கட்டியின் விளிம்பில் இதன் அளவு குறையும்போது உயிரணுக்கள் எளிதில் பிரிந்து செல்கின்றன. கல்லீரலில் தங்கி வளரத் தொடங்கும்போதோ, இதன் அளவு மீண்டும் கூடுவதுண்டு. ஆகவே, இவற்றை ‘நல்லவை’, ‘தீயவை’ என எளிதில் பிரித்துவிட இயலாது. காலமும் இடமும் மாறினால் இவற்றின் பணியும் மாறுகிறது.

நோயின் போக்கை முன்கூட்டியே அறிய உதவுமா?

அமெரிக்காவிலும் ஹாங்காங்கிலும் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. கட்டியில் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 மிகுதியாக இருந்தவர்களின் உயிர்வாழ்காலம் பொதுவாகக் குறைவாக இருந்ததாக அது தெரிவித்தது. எனினும், இது ஒரு குழுவைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் எதிர்காலத்தை இதனைக் கொண்டு உறுதியாகக் கூற முடியாது.

இவற்றை இரத்தத்திலும் அளவிடலாம். ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ.-21 வேறு பல புற்றுநோய்களிலும் அழற்சியிலும் கூடுகிறது. மாதிரியில் இரத்த அணுக்கள் சிதைந்தாலும் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறிவிடும். ஆகையால் இப்பரிசோதனை இன்னும் வழக்கமான சிகிச்சையின் பகுதியாகவில்லை. மருந்தாக மாற்றும் முயற்சியும் எளிதாக இல்லை, மைக்ரோ ஆர்.என்.ஏ.-34ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு மருந்தின் மனித ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது.

இன்று நீங்கள் செய்ய வேண்டியவை

மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு எவரேனும் பெருந்தொகை கேட்டால், பணம் செலுத்துமுன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இன்று சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு. அவற்றைப் பற்றி மருத்துவரிடம் இவ்வாறு கேளுங்கள்:

1. நோய் எந்த நிலையில் உள்ளது?
2. எத்தனை நிணநீர்க் கணுக்கள் பரிசோதிக்கப்பட்டன? (குறைந்தது 12 என்பது பொது அளவுகோல்.) அவற்றுள் எத்தனையில் நோய் உள்ளது?
3. எம்.எம்.ஆர். புரதப் பரிசோதனை செய்யப்பட்டதா?
4. நோய் பரவியிருந்தால், ராஸ், பி-ராஃப் மரபணுப் பரிசோதனைகளின் முடிவு என்ன?

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு ஆண்டுகள் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஐந்தாம் ஆண்டுவரை 6 மாதங்களுக்கு ஒருமுறையும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. சி.டி. ஸ்கேனும், ஏறத்தாழ ஓராண்டில் குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் தேவைப்படும். உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும் இவற்றைத் தவறவிடாதீர்கள். கல்லீரலில் சிறிதாகப் பரவியதைக் காலத்தே கண்டறிந்தால், அறுவை சிகிச்சையால் அகற்றிக் குணம் காண சிலருக்கு வாய்ப்பு உண்டு.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோர் தமக்கான பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

“பரவுமா?” என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற மருத்துவத்தால் இன்னும் இயலவில்லை. ஆனால் பரவினால் விரைந்து அறிவதற்கான வழி நம் கையில் உள்ளது. அடுத்த பரிசோதனைக்குரிய நாளை இன்றே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.