அடிமைச் சந்தையில் ஒரு பேலடின்

இந்த மாதப் பாடம் ஒரு விளையாட்டிலிருந்து வருகிறது. நம் சமய வகுப்புக்கு வரும் பசங்களில் சில பேர் வார இறுதியில் ஒன்றாக உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இதற்கு கணினி வேண்டாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர், கையில் பகடை, ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் கதையை நடத்துவார். அவரை டி.எம். என்பார்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ஆட்டம் இது.

போன மாதம் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, நான் பேலடின். எங்க கூட்டம் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அங்க மனுசங்கள விக்கிறது சட்டப்படி சரி. காவலாளியே நின்னு வரி வாங்குறான். அடிமைகள விடுவிச்சா சட்டத்த மீறினவன் ஆகிடுவேன். விடுவிக்கலனா நான் என்ன தர்மவீரன்? ரெண்டுல எது செஞ்சாலும் என் சக்தி போயிடும்னு டி.எம். சொல்றாரு.”

நல்ல கேள்வி. பேலடின் என்பது தெய்வ அருளால் சக்தி பெற்ற தர்மவீரன். பெயர் சார்லமேன் மன்னனின் வீரர்கள் பற்றிய பழைய பிரெஞ்சுக் கதைகளிலிருந்து வந்தது. ஆட்டத்தில் 1975-ல் வந்து சேர்ந்தான். பழைய விதிகளில் அவனுக்கு இரண்டு குணம் கட்டாயமாக இருந்தது: ஒழுங்கு, நன்மை. ஒழுங்கும் நன்மையும் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது என்பதில்தான் ஐம்பது வருசமாக ஆட்டக்காரர்கள் சண்டை போடுகிறார்கள்.

முதலில் அந்த விதிப் புத்தகத்தையே பார்ப்போம், ஏனென்றால் டி.எம். அதைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1978-ல் வந்த விதி இப்படி: பேலடின் தெரிந்தே ஒழுங்கை மீறினால், ஒரு பெரிய குருவிடம் போய் ஒப்புக்கொண்டு பிராயச்சித்தம் செய்ய வேண்டும். தெரிந்தே தீமை செய்தால் அவன் பேலடினே இல்லை, திரும்ப வழியும் இல்லை. ஒன்றுக்குப் பரிகாரம் உண்டு, மற்றதற்குக் கிடையாது. எது கனமானது என்று புத்தகமே எடை போட்டுச் சொல்லிவிட்டது! 2000-ல் வந்த பதிப்பு, பேலடின் முறையான அதிகாரத்தை மதிக்க வேண்டும் என்கிறது. ‘முறையான’ என்ற சொல்லைக் கவனியுங்க. மனிதனை விற்று வரி வாங்குகிறவன் முறையான அதிகாரியா என்று கேட்க அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2014-ல் இன்னும் ஒரு படி போனார்கள். ஊர்ச் சட்டம் அங்கே பேச்சிலேயே இல்லை. பேலடினைக் கட்டுவது அவன் எடுத்த சபதம்.

அப்போ தம்பிக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஊர்ச் சட்டத்தை விடு, சபதத்தைப் பிடி என்று முடித்துவிடலாமா? அங்கேதான் நமக்குத் தெரிந்த ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். பீஷ்மர்.

உலகத்தில் எந்தப் பேலடினும் அவரைப்போல சபதம் காத்ததில்லை. அந்த பீஷ்மர்தான் அஸ்தினாபுரச் சபையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் திரௌபதியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அதுவும் ஓர் அடிமைச் சந்தைதான், யோசித்துப் பாருங்க. சூதில் தோற்றவன் அடிமை, அவனுடைய பொருளெல்லாம் வென்றவனுக்கு. அன்றைய விதிப்படி எல்லாம் ‘சரியாக’ நடந்தது. திரௌபதி அழுது மட்டும் நிற்கவில்லை. விதிக்குள்ளேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கேட்டாள்: தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னை முதலில் தோற்றிருந்தால் அவர் அடிமை. எதற்கும் சொந்தக்காரர் இல்லாத அடிமை என்னை எப்படிப் பந்தயம் வைக்கலாம்? வழக்கறிஞர் படிப்புக்குப் போகிற தங்கைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. சபையில் பெரும்பாலோர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

பீஷ்மர் சொன்னது, தர்மம் மிகவும் நுட்பமானது என்பதுதான். 1912-ல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தில் பாரதியார் இதை இன்னும் கூர்மையாக்குகிறார். அவருடைய பீஷ்மருக்கு நடப்பது அநீதி என்று தெரியும். பழைய காலத்தில் பெண்ணுக்கு இந்த நிலை இல்லை என்றும் தெரியும். ஆனாலும் இன்றைய சாத்திரம் இப்படி, தடுக்க எனக்குத் திறமில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். திறமில்லையாம்! பரசுராமரோடு மோதியவர். பிறகு போர்க்களத்தில் தருமரிடம் அவரே உண்மையைச் சொன்னார்: கௌரவரின் பொருளால் தான் கட்டுண்டவர் என்று. சட்டத்துக்குப் பின்னால் ஒளிவதைப்போல சபதத்துக்குப் பின்னாலும் ஒரு வீரன் ஒளியலாம். அதனால் சபதம் மட்டும் போதாது தம்பி. அது யாரைக் காக்க எடுத்தது என்று ஒவ்வொரு ஊரிலும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே சபையில் இன்னும் இரண்டு பேர் உண்டு. துரியோதனனின் சொந்தத் தம்பி விகர்ணன் எழுந்து, இது செல்லாது என்று பேசினான். கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அடக்கினான். ஆனால் போர் வந்தபோது விகர்ணன் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் இறந்தான். விதுரர் சபையிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்: இப்படி ஓர் அதர்மம் நடந்தால் பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, மிச்சக் கால் பங்கு பார்த்தும் கண்டிக்காதவர்களுக்கு. வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவர் பின்னால் தன் வில்லையே ஒடித்துப்போட்டார். மூவரில் யாரைப்போல உங்கள் பேலடினை ஆடப் போகிறீர்கள்? எனக்கு விகர்ணனைப் பிடிக்கும், ஆனால் நம்பமாட்டேன்.

இதெல்லாம் புராணம், நம்ம ஊருக்கு எங்கே என்று கேட்பீர்கள். கெடாவில் பீடோங் பக்கம் தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்க. தோட்டத்துக் கள்ளுக்கடை சட்டத்துக்குப் புறம்பான கடை இல்லை, உரிமம் வாங்கியது. கூலி வாங்கிய காசு வீட்டுக்கு வருமுன் அங்கே கரைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஏ.எம். சாமி தலைமையில் தோட்டத் தமிழ் இளைஞர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். 1947-ல் கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். சட்டம் கடையின் பக்கம், போலீசும் அந்தப் பக்கம். மோதலில் உயிரும் போனது. வாள் இல்லை, வானத்திலிருந்து சக்தியும் இல்லை. கடை வாசலில் வெளிப்படையாக நின்றதுதான் அவர்களுடைய ஆயுதம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடையை மறிப்பது வேறு, குடித்தவனை அடிப்பது வேறு. நிறையப் பேலடின்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். ஊருக்குள் நுழைந்ததும் வாளை உருவி, சந்தைக் காவலாளியை வெட்டி, “நான் தர்மவீரன்” என்பது. காவலாளி கூலிக்கு நிற்கிறவன். சட்டம் எழுதியவன் மாளிகையில் இருக்கிறான். அன்று இரவு பத்து பேரை விடுவித்துவிட்டு நீங்கள் அடுத்த ஊருக்குப் போனால், மறுநாள் காலையில் அந்தப் பத்து பேர் கதி என்ன? காசு கொடுத்து வாங்கி விடுவிக்கலாம் என்றால் வியாபாரிக்கு நல்ல லாபம், அடுத்த வாரம் இருபது பேரைப் பிடித்து வருவான்.

அதனால் நான் தம்பிக்குச் சொன்னது இது. முதலில் திரௌபதி மாதிரி அந்த ஊர்ச் சட்டத்தைப் படி, ஓட்டை இருக்கும். ஊர்த் தலைவன் முன்னால் போய் விதுரர் மாதிரி நேரில் பேசு. கேட்கவில்லை என்றால் ஓடி வருகிறவர்களுக்கு இடம் கொடு, மறைக்காதே, பிடித்தால் சிறைக்குப் போ. கதையில் உன் பேலடின் சிறையில் இருப்பது சக்தி போனதாக ஆகாது என்று டி.எம்.-மிடம் முன்கூட்டியே பேசிக்கொள். இன்னொன்று, உன் கூட்டத்தில் திருடன் வேசம் ஆடுகிற நண்பனை மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பிரசங்கம் செய்யாதே. “என் கேரக்டர் அப்படித்தான்” என்பது எல்லாருடைய ஞாயிற்றுக்கிழமையையும் கெடுக்கிற சாக்கு.

அடுத்த வகுப்பில் இதை நாமே ஆடிப் பார்ப்போம். பகடை வேண்டாம், ஆறு சீட்டுப் போதும்: வியாபாரி, ஊர்த் தலைவன், காவலாளி, தப்பி வந்த பெண், பேலடின், அவனுடைய திருட்டு நண்பன். குலுக்கி எடுத்துக்கொள்ளுங்க. வியாபாரியாக வருபவர் தன் தொழில் சட்டப்படி சரி என்று உண்மையாகவே வாதாட வேண்டும், சிரிக்கக் கூடாது. காவலாளிச் சீட்டில் மட்டும், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று சேர்த்து எழுதி வையுங்க.