கடை மூடிய பின்னும் வந்த வாடிக்கையாளர்கள்

பல வருடங்களுக்கு முன் எனது கடையில் போத்தல் மை விற்பதை நிறுத்தினேன். ஊற்றுப் பேனைக்கு ஊற்றும் அந்த நீல மை மாதத்திற்கு நான்கு அல்லது ஐந்து போத்தல்தான் போகும். கணக்குக் கொப்பியைப் பார்த்தால், அது பிடித்திருந்த இடத்தின் வாடகைகூடத் தேறாது. அந்தத் தட்டில் போல்பொயின்ட் பேனைகளை அடுக்கினேன். விற்பனை கூடியது. நானும் மகிழ்ந்தேன். ஆனால், மை வாங்க வந்த ஐந்தாறு பேரில் ஒருவர் பாடசாலை அதிபர். அடுத்த ஜனவரியில் அவரது பாடசாலைக்கான கொப்பி, இடாப்பு, வெண்கட்டி ஓடர் எனக்கு வரவில்லை. விசாரித்தேன். "உங்களோட ஒரு கோபமும் இல்ல முதலாளி, மைக்குப் போன இடத்துல மத்தத்தையும் சொல்லிட்டேன்" என்றார்.

எத்தனை பேர் வாங்கினார்கள் என்று நான் பார்த்தேன். யார் வாங்கினார்கள் என்று பார்க்கவில்லை. இதே தவறை அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றும் செய்திருக்கிறது என்பதை, எனது மகன் விரும்பிப் பார்க்கும் ஒரு தொடரின் வரலாற்றை அவனிடம் கேட்டபோதுதான் அறிந்தேன். பின்னர் நானும் தேடி வாசித்தேன். வியாபாரிகளாகிய நமக்கு அதில் படிக்க நிறைய உண்டு.

அந்தத் தொடரின் பெயர் 'ஸ்டார் ட்ரெக்'. விஞ்ஞானப் புனைகதை வகையைச் சேர்ந்தது. நமது கொழும்பிலேயே பல்லாண்டுகள் வாழ்ந்து 2008இல் மறைந்த சேர் ஆதர் சி. கிளார்க் எழுதிய கதைகளின் இனம் என்றால் வாசகர்களுக்கு விளங்கும். எதிர்காலத்தில் 'என்டர்பிரைஸ்' என்ற விண்கலத்தில் பல நாட்டவரும் ஒன்றாகப் பயணம் செய்கிறார்கள் என்பதே கதை. ஜீன் ரொடன்பெரி என்பவர் உருவாக்கிய இத்தொடரை என்.பி.சி. அலைவரிசை 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி ஒளிபரப்பத் தொடங்கியது.

ஓடாத சரக்கு

தொடர் பெரிதாக ஓடவில்லை. எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்ற கணக்கை வைத்தே விளம்பரம் விற்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஸ்டார் ட்ரெக் பின்வரிசையில் நின்றது. பார்ப்பவர்கள் என்ன வயது, என்ன படிப்பு, கையில் எவ்வளவு காசு புழங்குகிறது என்ற விபரங்களுக்கு அப்போதுதான் மெதுவாக மதிப்பு வரத் தொடங்கியிருந்தது. இரண்டாவது வருடத்துடன் தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி 1967இன் பிற்பகுதியில் பரவியது.

அப்போது பிஜோ ட்ரிம்பிள், ஜோன் ட்ரிம்பிள் என்ற கணவனும் மனைவியும் ஒரு வேலை செய்தார்கள். விஞ்ஞானக் கதை வாசகர்களின் முகவரிகளைத் திரட்டி, 'அலைவரிசைக்குக் கடிதம் எழுதுங்கள், நீங்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேரிடம் சொல்லுங்கள், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொல்லட்டும்' என்று கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே வாசகத்தை அனுப்பக்கூடாது, அவரவர் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும் என்பதும் அவர்களுடைய அறிவுரை. அச்சடித்த மகஜர் குப்பைக் கூடைக்குப் போகும், கையால் எழுதிய கடிதம் மேசைக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. 1968 மார்ச் முதலாம் திகதி, தொடர் தொடரும் என்று என்.பி.சி. தனது ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆனால், அலைவரிசை மனதாரக் கொடுக்கவில்லை. மூன்றாவது வருடத்தில் தொடரை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. இளைஞர்களே இந்தத் தொடரின் வாடிக்கையாளர்கள். வெள்ளி இரவில் அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இருப்பார்கள்? கேட்ட சாமானை எடுத்து வைத்துவிட்டு, வாடிக்கையாளர் வரும் நேரத்தில் கதவைச் சாத்துவது போன்றது இது. 1969 ஜூன் 3ஆம் திகதி கடைசிப் பாகம் போனது. மொத்தம் 79 பாகங்கள்.

இந்த 79 என்ற எண்ணைச் சற்று கவனியுங்கள். முதல் வருடம் 29, இரண்டாம் வருடம் 26, மூன்றாம் வருடம் 24. ரசிகர்கள் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால் 55உடன் கதை முடிந்திருக்கும். அமெரிக்காவில் பழைய தொடர்களை உள்ளூர் நிலையங்கள் வாங்கி வாரத்தில் ஐந்து நாளும் மறு ஒளிபரப்புச் செய்வார்கள். அதற்கு நூறு பாகங்களாவது வேண்டும் என்பது அந்த வியாபாரத்தின் வழக்கம். 79 என்பதே குறைவுதான், ஆனால் பதினாறு வாரம் வரை இழுக்கலாம். 55 என்றால் பதினொரு வாரத்தில் சரக்கு தீர்ந்துவிடும். எனவே அந்தக் கடிதங்களால் கிடைத்த பெரிய பலன், தோல்வியடைந்த அந்த மூன்றாவது வருடமல்ல. பழைய சரக்கை விற்கப் போதுமான அளவு கையிருப்பு சேர்ந்ததுதான். எழுதியவர்களுக்கே அது அன்று தெரிந்திருக்காது.

பழைய சாமானின் புதிய சந்தை

தொடரின் உரிமை அப்போது பராமவுண்ட் கம்பனியிடம் வந்திருந்தது. தயாரித்த டெசிலு நிறுவனத்தை பராமவுண்டின் உரிமையாளர்கள் 1967இல் வாங்கியிருந்தார்கள். நட்டக் கணக்கில் எழுதியிருந்த சரக்கை உள்ளூர் நிலையங்களுக்கு விற்றார்கள். கைசர் என்ற ஒளிபரப்பு நிறுவனம் செய்த தந்திரத்தை நான் மிகவும் ரசித்தேன். மாலை 6 மணிக்கு மற்ற நிலையங்கள் செய்தி ஒளிபரப்பும். இளைஞர்கள் செய்தி பார்ப்பதில்லை. எனவே அந்த நேரத்தில் ஸ்டார் ட்ரெக்கைப் போட்டார்கள். அதே சாமான்தான், கடை திறக்கும் நேரத்தை மட்டும் மாற்றினார்கள். பாடசாலையும் பல்கலைக்கழகமும் விட்டு வந்த பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் அது ஓடியது. புதிதாக ஒரு பாகமும் எடுக்கப்படாத காலத்தில்தான் கூட்டம் சேர்ந்தது!

1972 ஜனவரியில் நியூயோர்க்கின் ஸ்டட்லர் ஹில்டன் ஹோட்டலில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து மூன்று நாள் மாநாடு ஒன்றை வைத்தார்கள். ஐந்நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ரொடன்பெரி வந்தார், எழுத்தாளர் ஐசக் அசிமோவ் வந்தார், நாசா கண்காட்சிப் பொருட்கள் கொடுத்தது. மண்டபத்தின் ஒரு பக்கத்தில் விற்பனை மேசைகள். படங்கள், பட்டிகள், ரசிகர்கள் தாமே அச்சிட்ட சஞ்சிகைகள். உரிமையாளரான கம்பனி இதற்கு ஒரு சதமும் முதல் போடவில்லை. விளம்பரம், இடம், ஆட்கள் எல்லாம் வாடிக்கையாளர்களின் செலவு. வியாபாரம் செய்யும் எவருக்கும் இதைக் கேட்டால் பொறாமை வரும்.

இதைக் கண்டு முதலில் கை நீட்டியவர்கள் சிறியவர்களே. ரொடன்பெரி தாமே தபால் மூலம் விற்கும் கம்பனி ஒன்றை நடத்தினார். கதை வசனப் பிரதிகளையும், வெட்டி எறியப்பட்ட படச்சுருள் துண்டுகளையும் அதில் விற்றார். குப்பைக்குப் போக வேண்டிய சுருள்! ஃபிரான்ஸ் ஜோசப் என்ற விமானத்துறை வரைபடக்காரரின் கதை இன்னும் சுவையானது. மகள் இத்தொடரின் ரசிகை என்பதால், கப்பலின் பாகங்களைத் தொழிற்சாலை வரைபடம் போல வரையத் தொடங்கினார். 1975இல் அந்த வரைபடங்களையும், அதைத் தொடர்ந்து ஒரு தொழில்நுட்பக் கைநூலையும் பலன்டைன் பதிப்பகம் வெளியிட்டது. இல்லாத ஒரு கப்பலின் வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எந்தச் சந்தை ஆய்வாளரும் இப்படி ஒரு பொருளைச் செய்யச் சொல்லியிருக்கமாட்டார்.

1976இல் அமெரிக்க அரசாங்கம் தனது முதல் விண்ணோடத்திற்கு 'கொன்ஸ்டிடியூஷன்' என்று பெயர் வைக்க இருந்தது. ரசிகர்கள் மறுபடி பேனை எடுத்தார்கள். வெள்ளை மாளிகைக்குக் கடிதங்கள் குவிந்து பெயர் 'என்டர்பிரைஸ்' என்று மாறியது. சோதனைப் பறப்புகளுக்கு மட்டும் பயன்பட்டு, விண்வெளிக்கே போகாத அந்த ஓடம் இப்போது நியூயோர்க்கில் அருங்காட்சியகம் ஒன்றில் நிற்கிறது.

அதன் பின்னரே பராமவுண்ட் முழுமையாக விழித்துக்கொண்டது. 1979இல் முதல் திரைப்படம். ஏறத்தாழ 44 மில்லியன் டொலர் செலவில் எடுத்து 139 மில்லியன் டொலர் வசூலித்தது. அடுத்த படத்தை 1982இல் சுமார் 12 மில்லியன் டொலரில் முடித்தார்கள். முதல் படத்தின் அரங்குகளையும் கப்பல் மாதிரிகளையும் திரும்பப் பயன்படுத்தினார்கள். வில்லனையும் 1967இல் வந்த ஒரு பாகத்திலிருந்தே எடுத்தார்கள். வசூல் 97 மில்லியன் அளவில் நின்றாலும், கல்லாப்பெட்டியில் மிஞ்சியதைப் பார்த்தால் இரண்டாவதே நல்ல வியாபாரம். 1987இல் புதிய தொடர் தொடங்கியபோது பெரிய அலைவரிசைகளிடம் போகவில்லை. விளம்பர நேரத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதியை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டு நேரடியாகவே கொடுத்தது. இடைத்தரகர் இல்லை. 178 பாகங்கள் ஓடியது.

2006 ஒக்டோபரில் நாற்பதாவது ஆண்டை ஒட்டி, களஞ்சியத்தில் கிடந்த உடைகளையும் பொருட்களையும் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஊடாக ஏலம் விட்டார்கள். மூன்று நாளில் 7.1 மில்லியன் டொலர். கப்பல் மாதிரி ஒன்றுக்கு 25,000 முதல் 35,000 டொலர் வரை மதிப்பிட்டிருந்தார்கள். 576,000 டொலருக்குப் போனது. ஏலம் நடத்துவதில் உலகப் பெயர் பெற்றவர்களே வாடிக்கையாளரின் ஆசையை இத்தனை குறைவாக எடை போட்டிருக்கிறார்கள். நான் ஐந்து போத்தல் மையை எடை போட்டதை நினைத்து இப்போது அவ்வளவு வெட்கப்படுவதில்லை. (மையை மறுபடி எடுத்து வைத்தேன். அதிபர் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.)

பெயர் யாருடையது?

இதுவரை சொன்னதைக் கேட்டால் வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் சரி என்று தோன்றும். அப்படியல்ல. வாடிக்கையாளரே நமது பெயரில் கடை திறந்தால் என்ன செய்வது?

ரசிகர்கள் தாமே ஸ்டார் ட்ரெக் குறும்படங்கள் எடுப்பது நீண்ட காலமாக நடந்து வந்தது. கம்பனி கண்டும் காணாமல் இருந்தது. 2014இல் 'அக்ஸனார்' என்ற ரசிகர் படத்திற்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டத் தொடங்கினார்கள். அது ஒரு மில்லியன் டொலரைத் தாண்டியது. சொந்தமாக ஸ்டூடியோ அமைக்கும் அளவுக்கு வேலை வளர்ந்தது. 2015 டிசம்பரில் பராமவுண்டும் சி.பி.எஸ். நிறுவனமும் வழக்குப் போட்டன. ரசிகர்கள் கொதித்தார்கள். 2016இல் வெளிவர இருந்த புதிய படத்தின் இயக்குநரே ரசிகர்கள் பக்கம் பேசினார். 2017 ஜனவரியில் நீதிபதி, இதை நியாயமான பயன்பாடு என்று கொள்ள முடியாது எனத் தீர்ப்பளித்தார். அதே மாதம் இரு தரப்பும் சமரசமாகின.

இடையில் 2016 ஜூனில் கம்பனிகள் ரசிகர் படங்களுக்கு விதிகளை வெளியிட்டன. படம் 15 நிமிடத்திற்கு மேல் போகக்கூடாது, இரண்டு பகுதிகளாக எடுத்தால் மொத்தம் 30 நிமிடம். 50,000 டொலருக்கு மேல் பணம் திரட்டக்கூடாது. நடிப்பவர்களுக்குச் சம்பளம் இல்லை. இலாபம் இல்லை. நமது கவனத்திற்குரிய இன்னொரு விதியும் உண்டு. கடையில் விற்கும் ஸ்டார் ட்ரெக் உடையோ பொருளோ பயன்படுத்தினால், அது உரிமம் பெற்ற அசல் சாமானாக இருக்க வேண்டும், டுப்ளிகேட் ஆகாது.

ரசிகர்களில் பலர் இதைக் கழுத்தை நெரிக்கும் வேலை என்றார்கள். எனது கருத்து வேறு. பெயருக்குச் சொந்தக்காரன் எல்லையைச் சொல்லத்தான் வேண்டும். புறக்கோட்டையில் நல்ல பெயரெடுத்த ஒரு பொருளின் டுப்ளிகேட் வந்தால் அசல் வியாபாரிக்கு என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் எல்லையை எப்போது சொல்வது என்பதில்தான் கம்பனி தவறியது. முப்பது நாற்பது வருடம் வாய் மூடியிருந்துவிட்டு, ஒருவர் பணம் திரட்டிய பின் வழக்குடன் வந்தார்கள். அந்த ஒரு பக்கக் கடதாசியைப் பத்து வருடம் முன்பே எழுதியிருந்தால் வழக்கறிஞர் செலவும் மிச்சம், மனஸ்தாபமும் இல்லை. கடன் புத்தகத்தில் எல்லையை முதல் நாளே சொல்லாமல், ஒரு இலட்சம் ஏறிய பின் சண்டை பிடிக்கும் முதலாளிமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்மைக்கால நிகழ்வு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுவர்களுக்காக எடுக்கப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்: ப்ரொடிஜி' என்ற கார்ட்டூன் தொடரை 2023 ஜூனில் பராமவுண்ட் தனது இணையச் சேவையிலிருந்து செலவுக் குறைப்பு என்று தூக்கிவிட்டது. இரண்டாவது பருவத்தின் வேலை அப்போது முடியும் தறுவாயில் இருந்தது. ரசிகர்கள் கையொப்பம் சேர்த்தார்கள். அத்துடன் தமக்குள் பணம் திரட்டி, லொஸ் ஏஞ்சலீஸில் வேறு கம்பனிகளின் அலுவலகங்களுக்கு மேலே விமானத்தில் பதாகை பறக்கவிட்டார்கள். அதாவது, முதலாளி கைவிட்ட சரக்குக்கு வாடிக்கையாளரே புதிய முகவர் தேடினார்கள். அந்த ஒக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. 2024 ஜூலை முதலாம் திகதி இரண்டாவது பருவத்தின் இருபது பாகங்களும் ஒரே நாளில் வெளிவந்தன.

1968இல் பிஜோ ட்ரிம்பிள் தம்பதியினர் முத்திரை ஒட்டிக் கொண்டிருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பிறந்திருக்கவே மாட்டார்கள்.